ஓஸ்லோவில் குறைந்த செலவில் நன்றாகச் சாப்பிடுவது எப்படி?

இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்காக ஆகஸ்டில் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவுக்கு வரவிருக்கும் ஒரு மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். உணவுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? அந்தப் பணத்தில் ரொட்டியையும் உடனடி நூடுல்ஸையும் தாண்டி, உடம்புக்கு வேண்டியதைச் சாப்பிட முடியுமா? ஊரிலிருந்து எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்? மீன், முட்டை, கோழி உண்பவர், மாட்டிறைச்சி உண்பதில்லை, சமையல் ஓரளவு தெரியும் என்கிறார்.

நன்றாகவே சாப்பிட முடியும். வீட்டிலேயே சமைத்து, மதிய உணவைக் கையில் எடுத்துச் செல்லும் ஒருவருக்கு இன்றைய விலையில் மாதம் 2,500 முதல் 3,000 குரோனர் (நார்வேயின் நாணயம்) வரை போதும் என்பது என் கணக்கு. முதல் மாதத்தில் மட்டும் எண்ணெய், உப்பு, பருப்பு, பாத்திரம் என்று அடிப்படைப் பொருள்கள் சேர்வதால் ஆயிரம் குரோனர் கூடுதலாக ஆகலாம். நான் 2009இல் மாணவனாக இங்கே வந்தபோது அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்த நாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. 2023ஆம் ஆண்டின் இலையுதிர்ப் பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் கையிருப்பு எங்களுடையதைவிட இறுக்கமானது என்பதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்த நகரத்தின் விலைகளைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: இங்கே மிக விலை உயர்ந்தது உணவுப்பொருள் அன்று, மனித உழைப்பு. ஒருவர் உங்களுக்காக வெட்டியதும், சமைத்ததும், பரிமாறியதும் தட்டில் வந்து சேரும்போது அவருடைய கூலியைத்தான் நீங்கள் முதன்மையாக வாங்குகிறீர்கள். நார்வேயில் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லையென்றாலும், தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. உணவகத் துறையில் 2018 முதல் அந்த ஒப்பந்தக் கூலியே அனைவருக்கும் பொருந்தும் குறைந்தபட்சக் கூலியாக ஆக்கப்பட்டிருக்கிறது. அது நியாயமான ஏற்பாடு. பாத்திரம் கழுவுபவரும் இந்நகரில் மானத்தோடு வாழ முடிகிறது என்பதற்காக நான் மகிழ்கிறேன். ஆனால் அதன் விளைவாக, எளிய உணவகத்தில்கூட ஒரு வேளைச் சாப்பாடு 200 குரோனருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. வரியும் அதே திசையில் இழுக்கிறது. கடையில் வாங்கும் உணவுக்கு மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. அமர்ந்து உண்டால் 25 விழுக்காடு. காபிக் கடையில் ‘இங்கேயா, எடுத்துப் போகவா’ என்று கேட்பது இதற்காகவும்தான்.

ஆகவே முதல் விதி எளிது: உழைப்பை நீங்களே செய்யுங்கள், பொருளை மட்டும் வாங்குங்கள். நறுக்கிய காய்கறி, மசாலா தடவிய கோழி, துருவிய பாலாடைக்கட்டி, கழுவிய கீரைப் பை ஆகிய எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் மணிக்கூலியோ ஓர் இயந்திரத்தின் வாடகையோ ஒட்டியிருக்கிறது. முழு முட்டைக்கோஸும், மண் ஒட்டிய கேரட்டும், உறைந்த மீன் கட்டியும், இரண்டு கிலோ உருளைக்கிழங்கும் அப்படியல்ல. ஊரில் அரைமணி நேரம் சமைக்கத் தெரிந்த எவருக்கும் இது பெரிய நன்மை என்பதை இங்கே வந்த சில வாரங்களில் உணர்வீர்கள்.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விலையையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் பால் 20 முதல் 25 குரோனர் என்றதும் மனம் அதைப் பெருக்கிப் பார்க்கும். பால் வாங்கக் கை வராது. இப்படிக் கணக்குப் பார்த்துப் பார்த்தே முதல் குளிர்காலத்தில் பாலும் பழமும் மீனும் விட்டுவிட்டு, வெள்ளை ரொட்டியிலும் நூடுல்ஸிலும் உயிர் வாழ்ந்து, பிப்ரவரியில் உடல் சோர்ந்து படுத்த மாணவர்களை நான் அறிவேன். மாத ஒதுக்கீட்டைக் குரோனரில் வகுத்துக்கொண்டு, அதற்குள் எது நல்லது என்று மட்டும் பாருங்கள்.

எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். நார்வேயின் மளிகை வணிகத்தின் மிகப் பெரும்பகுதி நோர்கஸ்குருப்பன், கூப், ரேமா 1000 என்ற மூன்று குழுமங்களின் கையில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியவை ரேமா 1000, கிவி, கூப் எக்ஸ்ட்ரா ஆகிய மலிவு விலைக் கடைகள். இவை ஒன்றையொன்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து விலையை வைப்பதால், அடிப்படைப் பொருள்களில் வேறுபாடு சில காசுகள்தான். வீட்டுக்கு அருகில் இருப்பதில் வாங்குங்கள், மலிவைத் தேடி நகரைச் சுற்ற வேண்டாம். மெனி என்பது பெரிய, அழகிய, விலை கூடிய கடை. யோக்கர் போன்ற சிறு கடைகள் அவசரத்துக்கானவை. கிவி உள்ளிட்ட நோர்கஸ்குருப்பனின் கடைகளில் ‘ஃபர்ஸ்ட் பிரைஸ்’, கூப்பில் ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெயர்களில் குழுமத்தின் சொந்த மலிவு வரிசை இருக்கும். ஓட்ஸ், மாவு, உறைந்த காய்கறி, தக்காளி டின், உறைந்த மீன் ஆகியவற்றை அந்த வரிசையில் தயங்காமல் வாங்கலாம். மலிவான வரிசைகள் பெரும்பாலும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும், ஆகவே குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு விலைச்சீட்டிலும் பொருளின் விலைக்கருகே சிறிய எழுத்தில் கிலோ விலையோ லிட்டர் விலையோ அச்சிடப்பட்டிருக்கும். ‘கிலோப்ரீஸ்’ என்ற அந்தச் சொல்லைத்தான் நீங்கள் முதலில் கற்க வேண்டும். பொட்டலங்களின் அளவு வேறுவேறாக இருப்பதால் பெரிய எழுத்து விலையை வைத்து ஒப்பிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நூறு சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கடைகள் மட்டுமே அன்று திறக்கலாம். அந்தச் சட்டத்தோடு தொடர்புடைய அரசியல்வாதி சில்வியா ப்ருஸ்தாதின் பெயரால் மக்கள் அவற்றை ‘ப்ருஸ்தாத் கடை’ என்றே அழைக்கிறார்கள். அங்கே விலை கூடுதல். ஈஸ்டரில் தொடர்ந்து பல நாள் கடைகள் அடைபடும். நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

காய்கறிக்கும் பருப்புக்கும் மசாலாவுக்கும் கிரோன்லன் என்ற பகுதிக்குப் போங்கள். ஓஸ்லோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பாகிஸ்தானியர், துருக்கியர், அரபு மக்கள், தமிழர் எனப் பலரும் நடத்தும் கடைகளில், வாசலிலேயே பெட்டி பெட்டியாகக் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கத்தரிக்காயும் அடுக்கியிருப்பார்கள். பெருங்கடையில் நான்கு தண்டு கொத்தமல்லி பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும். இங்கே கட்டாகக் கிடைக்கும். ஐந்து கிலோ, பத்து கிலோப் பைகளில் அரிசி, பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி எல்லாம் உண்டு. நார்வேயில் தமிழர் வரலாறு புதியதன்று. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து அந்தோணி இராஜேந்திரம் 1956இல் இங்கு வந்தார். பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போரினால் பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் உழைத்து, பின்னர் ஓஸ்லோவுக்கு நகர்ந்தனர். இன்று இந்நகரில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் புழுங்கல் அரிசியும் கிடைப்பது அவர்கள் போட்ட பாதையால்தான். ஆனால் ஒன்று: விமானத்தில் வந்த முருங்கைக்காய் விமானத்தின் விலையில்தான் இருக்கும். அதை நாவுக்கு ஏக்கம் வரும் நாளுக்கு வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்கு இந்த மண்ணில் விளைவதைச் சமையுங்கள்.

இந்த மண்ணில் விளைவது என்ன? உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம், பீட்ரூட், ‘கோல்ரூத்’ என்னும் மஞ்சள் சதைக் கிழங்கு. கடைசியாகச் சொன்னதை நம்மவர் பெரும்பாலும் தொடுவதில்லை. அது எனக்கு வருத்தமே. நூல்கோலுக்கு உறவான அந்தக் கிழங்கில் வைட்டமின் சி மிகுதி என்பதால் ‘வடநாட்டு ஆரஞ்சு’ என்றே அழைப்பார்கள். நூல்கோல் கூட்டு வைக்கும் முறையிலேயே, பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டு, கடுகு தாளித்தால் அருமையாக இருக்கும். தேங்காய் விலை கூடுதலாகத் தோன்றினால் உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கலாம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இக்கிழங்குகள் மலிவு. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கடைகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைக்கும். சில ஆண்டுகளில் உருளையும் கேரட்டும் அடக்கவிலைக்கும் கீழே போயிருக்கின்றன. குளிர்ந்த இருட்டான இடம் இருந்தால் அப்போது நிறைய வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பருப்புக்கு ஒரு குறிப்பு. கிரோன்லன் வரை போக நேரமில்லாத வாரங்களில், சாதாரணக் கடையிலேயே மஞ்சள் பட்டாணி மலிவாகக் கிடைக்கும். நார்வேஜியர்கள் அதில் கெட்டியான சூப் வைப்பார்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் சாம்பாருக்கும் சுண்டலுக்கும் கைகொடுக்கும். ஓட்ஸும் அப்படியே: இங்கேயே விளைவது, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலமே மிக மலிவு. காலையில் பாலில் காய்ச்சிய கஞ்சியாகவும், மாலையில் வெங்காயம், கேரட் போட்ட உப்புமாவாகவும் அது பயன்படும். இனிப்புச் சேர்த்த, வண்ணப் பெட்டியில் வரும் காலையுணவு தானியங்களை வாங்காதீர்கள்.

இப்போது மீன். இதில்தான் உங்களுக்கு உண்மையான அதிர்ஷ்டம் இருக்கிறது. சால்மனை மட்டுமே நார்வே மீன் என்று நினைத்து, அதன் விலையைப் பார்த்துத் திரும்பிவிடுபவர்கள் உண்டு. ‘சை’ என்ற மீன் இருக்கிறது. காட் மீனின் குடும்பம். சதை சற்றுக் கருத்திருப்பதால் அதைவிடக் குறைந்த விலைக்குப் போகிறது. உறைந்த துண்டங்களாகப் பெட்டியில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். தோலும் முள்ளும் நீக்கியிருப்பார்கள். புளிக்குழம்புக்கு இது காட் மீனைவிடப் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து, ஏனெனில் காட் குழம்பில் இதழ் இதழாகப் பிரிந்து கரைந்துவிடும். சை தன் உருவத்தைக் காத்துக்கொள்ளும். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பின் துண்டங்களைப் போட்டு, ஐந்தாறு நிமிடங்களில் அடுப்பை அணைத்துவிடுங்கள். மறுநாள் சுவை கூடும் என்பது ஊரில் போலவே இங்கும் உண்மை.

அடுத்தது டின்னில் வரும் தக்காளி மக்ரெல். இது நார்வேஜியக் குழந்தைகள் ரொட்டியில் தடவி உண்டு வளரும் பொருள். வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, டின்னைக் கவிழ்த்து, மிளகுத்தூள் தூவிச் சுருள வறுத்தால் மீன் புட்டுக்கு அருகில் வரும் ஒரு பொரியல் பத்து நிமிடத்தில் தயார். கொழுப்பு மீன் என்பதால் ஒமேகா-3, வைட்டமின் டி இரண்டும் அதில் உண்டு. ‘சில்’ எனப்படும் ஹெர்ரிங் நம் மத்தி மீனின் உறவு. புதிதாகக் கிடைக்கும்போது மஞ்சள், மிளகாய் தடவி வறுத்துப் பாருங்கள். கிரோன்லன் மீன்கடைகளில் சால்மன் தலையும் நடுமுள்ளும் துண்ட விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைப்பதுண்டு. தலைக்கறி தெரிந்தவருக்கு அது புதையல்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ‘ஸ்க்ரை’ பருவம். பேரண்ட்ஸ் கடலில் வளர்ந்த காட் மீன் முட்டையிட லொஃபோத்தன் கடற்கரைக்கு நீந்தி வரும் காலம் அது. அப்போது மீனை ஈரலோடும் சினையோடும் சேர்த்து உண்பது கடலோர மக்களின் பழைய வழக்கம். குளிர்காலத்தில் வெயிலை அரிதாகவே காணும் மக்களின் உடலுக்கு வேண்டிய வைட்டமினை அந்த ஈரல் கொடுத்தது. அந்த அறிவின் புட்டி வடிவந்தான் ‘த்ரான்’ எனப்படும் மீன் எண்ணெய். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஓஸ்லோவின் வெயிலால் தோலில் வைட்டமின் டி உருவாகாது. நம்மைப் போலக் கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மற்ற மாதங்களிலும் அது மெதுவாகவே உருவாகும். தினம் ஒரு தேக்கரண்டி த்ரானோ அதற்கிணையான மாத்திரையோ எடுத்துக்கொள்வதைச் செலவாகக் கருத வேண்டாம். உணவுக்கு ஒதுக்கிய பணத்தில் மிகப் பயனுள்ள சில குரோனர்கள் அவையே.

மதிய உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்களின் பணம் கரையும் இடம் இது. நார்வேஜியர்கள் ‘மாத்பக்கே’ எனப்படும் பொட்டலத்தை வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். முழுத்தானிய ரொட்டித் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பாலாடைக்கட்டியோ மீனோ முட்டையோ ஏதேனும் ஒன்று. துண்டுகளுக்கு இடையில் ஒட்டாமலிருக்க மெல்லிய தாள். மேலே எண்ணெய்த்தாள் சுற்று. பதினொன்று, பதினொன்றரை மணிக்கு அரைமணி நேரத்தில் உண்டு முடிப்பார்கள். பேராசிரியரும் மாணவரும் நிறுவனத் தலைவரும் அதையே பிரிப்பார்கள். பொட்டலம் கட்டி வருவது வறுமையின் அடையாளமாக இங்கே பார்க்கப்படுவதில்லை. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஷியோட்ஸ் என்ற மருத்துவர் வகுத்த திட்டப்படி ஓஸ்லோவின் பள்ளிகளில் ‘ஓஸ்லோ காலையுணவு’ வழங்கப்பட்டது: முழுத்தானிய ரொட்டி, பாலாடைக்கட்டி, பால், ஒரு கேரட்டோ பாதிப் பழமோ, குளிர்காலத்தில் மீன் எண்ணெய். சூடான சாப்பாடு இல்லாமலேயே சத்து நிறைந்த உணவைக் குறைந்த செலவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தர முடியும் என்பதை அது காட்டியது. பொட்டலப் பழக்கம் நாட்டில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் ரொட்டியைப் பொட்டலம் கட்டினாலும் சரி, எலுமிச்சை சாதத்தை டப்பாவில் எடுத்துப் போனாலும் சரி. வளாகங்களில் நுண்ணலை அடுப்பு இருக்கும். ரொட்டி வாங்கினால் உறையில் நான்காகப் பிரித்த வட்டக் குறியைப் பாருங்கள். முழுத்தானியத்தின் அளவு கால்வாசிக்கும் குறைவா, பாதிவரையா, முக்கால்வரையா, அதற்கும் மேலா என்பதை அது காட்டும். ‘க்னைப்’ என்ற எளிய ரொட்டியைக் கடைகள் போட்டிக்காக மலிவாக விற்கும். கூடுமானால் வட்டத்தின் மூன்றாம், நான்காம் பகுதி நிரம்பிய ரொட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள், வயிறு நான்கு மணிவரை தாங்கும். பச்சை நிறச் சாவித்துளைக் குறி இருந்தால், அந்த வகை உணவுகளுக்குள் அது சர்க்கரை, உப்பு, கொழுப்பு குறைந்தது அல்லது நார்ச்சத்து மிகுந்தது என்று பொருள். நார்வேயில் 2009 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஓஸ்லோப் பல்கலைக்கழகத்தின் ப்ளின்டெர்ன் வளாகத்தில் மாணவர் நல அமைப்பான சியோ நடத்தும் உணவகங்களில் வெளியைவிடக் குறைந்த விலைக்குச் சூடான சாப்பாடு உண்டு. வாரம் ஒருநாள் நண்பர்களோடு அங்கே உண்ணுங்கள், தினமும் வேண்டாம்.

பாலாடைக்கட்டியும் இறைச்சியும் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். நார்வே தன் உழவர்களைச் சுங்கச் சுவரால் காக்கிறது. சில வகைக் கெட்டிப் பாலாடைக்கட்டிகளுக்கு 2013இல் 277 விழுக்காடு இறக்குமதிச் சுங்கம் விதித்தது. மலைச்சரிவிலும் குறுகிய கோடையிலும் உழவு நடக்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு பாதுகாப்புத் தேவை என்பதை நான் ஏற்கிறேன். நமக்கு அதன் பொருள், இங்கே பாலாடைக்கட்டி சன்னமாக உண்ண வேண்டிய பொருள் என்பதே. அதற்கென்றே துர் பியோர்க்லுன் என்ற தச்சர் 1925இல் உருவாக்கிய சீவுகருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். கத்தியால் வெட்டினால் மூன்று நாளில் தீரும் கட்டி, இக்கருவியால் சீவினால் பத்து நாள் வரும். தயிரை வீட்டிலேயே உறையூற்றலாம். இனிப்பில்லாத கடைத்தயிர் ஒரு கரண்டி போதும். விளக்கு மட்டும் எரியும் சூட்டடுப்புக்குள் வைத்தால் குளிர்காலத்திலும் உறையும், இட்லி மாவும் பொங்கும். ‘குல்தூர்மெல்க்’ என்ற புளித்த பால் மோருக்கு நெருக்கமானது. மோர்க்குழம்புக்கு அப்படியே ஊற்றலாம். காலாவதி நெருங்கிய பால் பாதி விலைக்குக் கிடைத்தால் எலுமிச்சை பிழிந்து பனீர் ஆக்குங்கள்.

தேதிகளைப் படிக்கத் தெரிந்தால் பணம் மிச்சமாகும். ‘பெஸ்ட் ஃபோர்’ என்று இருந்தால், அந்த நாள்வரை தரம் உறுதி, அதன் பிறகு முகர்ந்து சுவைத்துப் பார்த்து உண்ணலாம் என்று பொருள். ‘சிஸ்தே ஃபோர்ப்ருக்ஸ்டாக்’ என்று இருந்தால் அந்த நாளோடு முடிந்தது. இறைச்சி, பச்சை மீன் ஆகியவற்றில் இதை மீறக் கூடாது. தேதி நெருங்கிய பொருள்களுக்குக் கடைகளில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டித் தனித் தட்டில் வைப்பார்கள். அதில் கிடைக்கும் கோழியை அன்றே சமைத்தோ உறையவைத்தோ பயன்படுத்தலாம். கோபன்ஹேகனில் 2015இல் தொடங்கிய டூ குட் டு கோ என்ற செயலியில், ஓஸ்லோவின் அடுமனைகளும் கடைகளும் விற்காமல் எஞ்சியதைப் பையில் கட்டிக் குறைந்த விலைக்குத் தருகின்றன. பையில் என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அடுமனைப் பைகள் பெரும்பாலும் இனிப்பு ரொட்டிகளாக இருக்கும் என்பதால் நான் மளிகைக் கடைப் பைகளையே பரிந்துரைக்கிறேன்.

ஸ்வீடன் எல்லைக்குப் போய் வாங்கலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. ஸ்ட்ரோம்ஸ்டாத் பக்கம் இரண்டு மணி நேரப் பயணம். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அங்கே மலிவு. இரண்டும் சேர்த்து ஒருவர் பத்துக் கிலோவரை கொண்டுவரலாம். கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பொருந்தும். ஒற்றை மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாளும் போய்விடும்.

அதைவிட நல்ல பயணம் ஒன்று உண்டு. வெளியிடங்களில் உலவும் உரிமையை உறுதிசெய்யும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காட்டில் விளையும் பழங்களையும் காளான்களையும் யாரும் பறிக்கலாம். மாணவர் விடுதிகள் நிறைந்த க்ரிங்ஷோ நிலையத்துக்கு அடுத்தது சோங்ஸ்வான் ஏரி. அங்கிருந்தே நூர்மார்க்கா காடு தொடங்குகிறது. நீங்கள் வரும் ஆகஸ்டில் தரையெல்லாம் காட்டு நீலப்பழம் நிறைந்திருக்கும். ஒரு பிற்பகலில் இரண்டு லிட்டர் பறிக்கலாம். உறையவைத்தால் ஜனவரிக் கஞ்சிக்கும் வரும். ஆனால் காளானில் துணிச்சல் வேண்டாம். உயிரைப் பறிக்கும் வெண்ணிறக் காளான்கள் இக்காட்டில் உண்டு. நம் ஊர்க் காளான்களோடு ஒப்பிட்டு முடிவு செய்வது பேராபத்து. இலையுதிர் காலத்தில் காளான் சங்கத்தின் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் பறித்ததைப் பார்த்துச் சொல்வார்கள். அவர்களிடம் காட்டாமல் எதையும் சமைக்காதீர்கள். கடலில் தூண்டிலிடப் பொழுதுபோக்கு மீன்பிடிப்போருக்கு உரிமம் தேவையில்லை, கோடையில் மக்ரெல் கிடைக்கும். ஆனால் ஓஸ்லோ ஃபியோர்டில் காட் மீன் பிடிப்பது 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். நகரின் குழாய்நீரில் பெரும்பகுதி மாரிடால் ஏரியிலிருந்து வருகிறது, சுவையாகவே இருக்கும். வாங்கிய புட்டிகளையும் டின்களையும் எறியாமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அளவுக்கேற்ப 2 அல்லது 3 குரோனர் திரும்பக் கிடைக்கும்.

இறைச்சி ஆசைக்கு ஒரு வழி: செப்டம்பர் இறுதியில் ஆட்டிறைச்சி மலிவாகும். முட்டைக்கோஸும் எலும்போடு கூடிய ஆட்டிறைச்சியும் முழு மிளகும் அடுக்கடுக்காகப் போட்டு இரண்டரை மணி நேரம் வேகவைக்கும் ‘ஃபோரிகோல்’ இந்நாட்டின் தேசிய உணவு. 1972இல் வானொலி நேயர்கள் தேர்ந்தெடுத்தது. மிளகு நம் கடற்கரையிலிருந்து போன பொருள் என்பதாலோ என்னவோ, முதல் வாய் வைத்ததுமே எனக்குப் பழகிய உணவாகத் தோன்றியது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய பானை வைத்தால் இரண்டு நாள் உண்ணலாம். மற்ற நாட்களுக்கு உறைந்த கோழிக்கால்களும் முட்டையும் போதும்.

இனி மூன்றாம் கேள்வி. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரத் தடை உண்டு. ஆகவே நெய்யையும் பால்கோவாவையும் விட்டுவிடுங்கள். இங்கே உப்பில்லாத வெண்ணெயை உருக்கினால் மிக நல்ல நெய் கிடைக்கும். வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், இட்லிப் பொடி, பெருங்காயம், நல்ல மிளகு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள், ஏனெனில் உங்கள் வீட்டுப் பொடி எங்கும் விற்பனைக்குக் கிடைப்பதில்லை. அரிசி, பருப்பு, புளியால் பெட்டியின் எடையை வீணாக்காதீர்கள். பிரஷர் குக்கர் கட்டாயம் வேண்டும். ஆனால் பல விடுதிகளில் காந்தத் தூண்டல் அடுப்பு இருப்பதால் அலுமினியக் குக்கர் சூடேறாது. காந்தம் ஒட்டும் தட்டையான அடியுள்ள எஃகுக் குக்கராகப் பார்த்து வாங்குங்கள். இந்திய மிக்சி இதே மின்னழுத்தத்தில் ஓடும், உருண்டை முனைச் செருகிக்கு மாற்றி மட்டும் தேவை.

தாளிக்கும்போது புகை உணர்வி பற்றிய நினைவு இருக்கட்டும். மிளகாய் கருகினால் கட்டடம் முழுவதும் மணி ஒலிக்கும், தீயணைப்பு வண்டி வந்துவிடும், அதற்கான கட்டணம் உங்கள் தலையில் விழலாம். உறிஞ்சு விசிறியை முதலில் போட்டு, சன்னலைத் திறந்து, நடைவழிக் கதவை மூடி வைத்துவிட்டு எண்ணெயைச் சூடாக்குங்கள். புகை வந்துவிட்டால் சன்னல் வழியாகத்தான் போக்க வேண்டும், நடைவழிக் கதவை மட்டும் திறக்கவே கூடாது.